கோழி வளர்ப்பும் கொல்லாநெறியும்

சைவ நன்மக்காள்! கொல்லாமையும் புலாலுண்ணாமையும் நம் சமயத்தார்க்குத் தலையாய ஒழுக்கங்கள் என்பது புதிதாக எடுத்துக்காட்ட வேண்டுவதன்று. 'சைவம்' என்னுஞ் சொல் இந்நாட்டு வழக்கில் மரக்கறியுணவிற்கே பெயராய் நின்றுவிட்டமை அதற்குப் போதிய சான்றாம். சமயத்தின் பெயர் உணவின் பெயரானது ஒருவகையிற் பெருமையே. மற்றொருவகையில் ஏதமும் உடைத்து. உண்கலத்தில் ஊன் இல்லையாயின் அறம் முற்றும் நிறைந்துவிட்டதென்னும் எண்ணம் அதனால் நம்முள்ளத்தில் எளிதிற் குடிபுகுந்து விடுகின்றது. அவ்வெண்ணம் எம்மிடத்தும் அறுபதாண்டிற்கு மேலாகக் குடியிருந்தது. அதனை அசைத்தவர் கோழி வளர்த்து வாழும் ஓர் ஏழைத் தாயார். அவர் வினவிய வினாவையும், அதற்கு யாம் தேடிய விடையையும் ஈண்டு எழுதப் புகுகின்றேம்.

பெரம்பலூருக்கு வடக்கே, சென்னைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே செல்லும் நெடுஞ்சாலைக்கு அணித்தாய் உள்ளது ரஞ்சன்குடி. ஆங்குள்ள கருங்கற் கோட்டை, ஆர்க்காட்டு நவாபின் கீழிருந்த ஜாகீர்தார் ஒருவரால் 17-ஆம் நூற்றாண்டிற் கட்டப்பெற்றது என்பர். 1751-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நவாபுப் பதவி குறித்து எழுந்த பூசலில் ஆளுக்கொரு பக்கம் நின்று அவ்வட்டாரத்திலே பொருதனர். அதற்குத் தெற்கே சில கல் தொலைவில் வாலிகண்டபுரம் உள்ளது. வாலி என்னும் வானர வேந்தன் சிவபெருமானை வழிபட்ட இடம் அஃதென்பது தலவரலாறு. விலங்குடம்பில் நின்ற உயிரும் இறைவனை வழிபட்டு உய்தற்குரியதென அவ்வூரின் பெயரே நமக்கு நாடோறும் நினைவூட்டிக்கொண்டிருக்கின்றது.

சென்ற கார்த்திகைத் திங்களில் ஒருநாள் மாலை, ரஞ்சன்குடிக் கோயிலொன்றின் முன்றிலிற் கொல்லாமை பற்றிப் பேசும்படி அன்பர் சிலர் எம்மை அழைத்தனர். யாமும் திருக்குறளில் அருளுடைமை, புலான்மறுத்தல், கொல்லாமை ஆகிய அதிகாரங்களை எடுத்துக்கொண்டு ஒன்றரை மணிநேரம் பேசினேம். பேச்சு முடிந்து திருநீறு வழங்கப்பெற்றபொழுது, நாற்பதாண்டு கடந்த அம்மையார் ஒருவர் மற்றையோர் அகலுமளவும் ஒதுங்கி நின்று, பின்னர் அணுகி, "ஐயா, ஒன்று கேட்கலாமா?" என்றார். கேட்குமாறு கூறினேம். "கொன்றால் பாவமென்று சொன்னீர்கள். நான் கொல்லுகிறதில்லை. வளர்க்கிறேன், விற்கிறேன். வீட்டுக்காரர் போனபிறகு கோழிக்காசில்தான் என் மகள் நர்சுக்குப் படிக்கிறாள். வளர்க்கிறதும் பாவந்தானா, ஐயா?" என்று வினவினார்.

யாம் சிறிதுந் தாழாது, "அம்மா, விற்ற கோழி கத்திக்குத்தானே போகும்? வேறு தொழில் பார்த்துக்கொள்வதே நல்லது" என்று விடை கூறினேம். அவர், "சரி, ஐயா" என்றார். சற்று நின்று, "வாலிகண்டபுரத்துப் பக்கம் ஐயாவுக்கு மூன்று ஏக்கர் காடு இருக்கிறதே, நான் அங்கே மக்காச்சோளக் கருதொடிக்க வந்திருக்கிறேன். அந்தச் சோளம் நாமக்கல்லுக்குக் கோழித்தீவனத்துக்குத்தானே போகிறது? அதையும் விட்டுவிட வேண்டியதுதானா, ஐயா?" என்றார்.

அவர் சொல்லில் ஏளனம் சிறிதுமில்லை; அறிய வேண்டியே கேட்டார். எமக்கோ விடை வரவில்லை. "நாளைச் சொல்லுகிறேன், அம்மா" என்று கூறி அவரை அனுப்பினேம்.

அவ்வம்மையார் கூறியது முற்றும் உண்மையே. தமிழ்நாட்டில் மக்காச்சோளம் மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் பெரம்பலூர் முன்வரிசையில் நிற்பது. அச்சோளத்திற் பெரும்பகுதி மக்கட்கு உணவாகாது கோழிக்கே தீவனமாகின்றது. முட்டைப் பண்ணைகளாற் பெயர்பெற்ற நாமக்கல்லும் அணித்தே உள்ளது. எம் நிலத்தை வாரத்திற்கு உழுபவர் சோளத்தை வணிகரிடம் விற்று எமக்குரிய பங்கைத் தருகின்றார். எம் அடுக்களையில் உலையேறும் அரிசி அப்பணத்தால் வந்தது. எமது உண்கலத்தில் ஊனில்லை; ஆயின் அக்கலத்திற்கு உணவு வந்த வழியிலே கோழி நின்றது. இதனை அறுபதாண்டிற்கு மேலாக யாம் காணாதிருந்தேம். கருதொடிக்க வந்தவர் கண்டிருந்தார்.

மறுநாட் காலையில் அவர் இல்லத்திற்குச் சென்றேம். கோட்டை மதிலுக்கு அப்பால் ஓர் ஓட்டுவீடு, சாணமிட்டு மெழுகிய வாயில், ஒரு முருங்கைமரம். சிறுவிடைப் பெட்டைகள் எட்டும் சேவல் ஒன்றும் குப்பைமேட்டைக் கிளைத்துக்கொண்டிருந்தன. கவிழ்த்த பஞ்சாரத்தின் கீழ் இளங்குஞ்சுகள் இருந்தன. கீரிக்கும் பருந்துக்கும் அஞ்சி அங்ஙனம் அடைத்ததாக அம்மையார் கூறினார். வீட்டினுள் ஒரு மூலையில், கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பிப் பன்னிரண்டு முட்டைகள் வைத்து, ஒரு பெட்டை அடையிருந்தது. இடியோசையால் முட்டை கெடாதிருத்தற்பொருட்டு, நாட்டு வழக்கப்படி ஓர் இரும்புத்துண்டும் அடுப்புக்கரியும் அதனுட் கிடந்தன. வெள்ளைக்கழிச்சல் வருங்காலத்தை அவர் நன்கறிவார். இமயச் சாரலிலுள்ள இராணிக்கேத் என்னும் ஊரின் பெயரால் நூல்களிற் குறிக்கப்பெறும் அக்கொள்ளைநோய், வந்தால் சின்னாளில் ஒரு முற்றத்தையே வெறுமையாக்க வல்லது. குஞ்சு பொரித்த ஏழாம் நாளில் சொட்டுமருந்தும், எட்டாம் வாரத்தில் ஊசியும் கால்நடை மருந்தகத்திற் போட்டுவருகின்றார். யாம் முந்தையநாள் மாலையில் 'விட்டுவிடுக' என்று எளிதிற் கூறிய தொழில் இத்தகையது.

இனி, அவர் வினாவைச் சித்தாந்த முறையில் ஆராய்வாம். உயிர்கள் எண்ணிறந்தன. அவை யாவும் அனாதியே ஆணவ மலத்தாற் கட்டுண்டவை. அக்கட்டினை நீக்குதற்பொருட்டே இறைவன் தனு கரண புவன போகங்களை வினைக்கீடாகக் கூட்டுகின்றான். அவ்வாறு கூட்டும் உடம்புகள் அண்டசம், சுவேதசம், உற்பிச்சம், சராயுசம் என நால்வகைத் தோற்றத்தனவும், எழுவகைப் பிறப்பினவும், எண்பத்துநான்கு நூறாயிர யோனி பேதத்தனவும் ஆம். அவற்றுட் பறவைக்குரியன பத்து நூறாயிரம். மக்கட்குரியன ஒன்பது நூறாயிரம். ஆகவே கோழியின் உடம்பில் நிற்பதும் நம்முடம்பில் நிற்பதும் ஒரே தன்மையவான பசுக்களே. அறிவு, இச்சை, செயல் என்னும் மூன்றாற்றலும் அதற்கும் உள. குடத்தினுள் வைத்த விளக்கின் ஒளி, குடத்திலுள்ள துளையின் அளவே புறத்திற் புலப்படுமாறுபோல, உடம்பு கருவிகளின் அளவே அவ்வாற்றல்கள் விளங்கும். குறைந்த விளக்கம் இன்மையாகாது. வானிலே பருந்து தோன்றின் ஒரு குரலும், நிலத்திலே பகை வரின் வேறொரு குரலும் கோழி எழுப்பும் என்பதனை இக்கால உயிர்நூலார் ஆராய்ந்து நிறுவியுள்ளனர். பகையை வேறுபிரித்தறிவது அறிவு, தன்னினத்தைக் காக்க விழைவது இச்சை, குரலெழுப்புவது செயல்.

பறவையுடம்பில் நின்ற உயிர்கள் திருவருளுக்கு உரியவாயினமை நம் புராணங்களிற் பலவிடத்தும் காணப்படும். நாரைக்கு முத்தி கொடுத்ததனையும், கரிக்குருவிக்கு உபதேசம் செய்ததனையும் திருவிளையாடற்புராணம் கூறும். புள்ளிருக்குவேளூர், சடாயு சம்பாதி என்னும் புட்கள் வழிபட்டதனாற் பெயர்பெற்றது. நமக்கு அணித்தேயுள்ள உறையூர், கோழி யானையைப் பொருது வென்ற வரலாற்றாற் கோழியூர் எனப்பட்டது. முருகப்பெருமானின் கொடியிலே சேவல் நிற்பது யாவரும் அறிந்தது. மாமரமாய் நின்ற சூரபன்மன் வேலாற் பிளவுண்டு சேவலும் மயிலும் ஆயினமையைக் கந்தபுராணம் விரித்துரைக்கும். கொடும்பகைவனையும் அழித்தொழியாது தன்னுடையனாக்கிக்கொண்ட மறக்கருணையின் அடையாளம் அச்சேவல். வைகறையில் நம்மை அனுட்டானத்திற்கு எழுப்புங் குரலும் அதன் குரலே.

ஈண்டு ஒரு தடை நிகழும். "அற்றேல், உயிரைக் கட்டிவைத்தலே குற்றமன்றோ? பசுவைப் பாசத்தினின்றும் விடுவிக்கவேண்டிய நாம் பறவையைக் கூட்டிலடைத்தல் தகுமோ?" என்பதே அது. இதற்கு விடை இருவகையாற் கூறற்பாலது.

வானிற் பறத்தற்குரிய காட்டுப் பறவைகளைப் பிடித்து அடைத்தல் ஐயமின்றிக் குற்றமே. பச்சைக்கிளியையும் சில்லைக்குருவியையும் கூட்டிலடைத்து வைப்பதனை 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் விலக்குகின்றது. கூட்டிலிருந்து திருப்பெயர் சொல்லும் கிளியினும், கூட்டின்றி மரக்கிளையிற் கத்துங் கிளியே இறைவன் படைப்பிற்கு இயைந்தது.

வீட்டுக்கோழியின் நிலை வேறு. அது செந்நிறக் காட்டுக்கோழியின் வழிவந்தது. தாய்லாந்து நாட்டில் பான் நோன் வாட் என்னுமிடத்திற் கிடைத்த எலும்புகளே வீட்டுக்கோழியின் எலும்புகளென ஐயமறத் தெளியப்பட்டவற்றுள் தொன்மையானவை என்றும், அவை கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டவை என்றும் 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி கூறும். நெல்லும் தினையும் விளைந்து சிந்திய இடத்தைத் தேடிக் காட்டுக்கோழி மக்கள் குடியிருப்பை அணுகியதென்பது அவ்வாராய்ச்சியாளர் கருத்து. நம் தென்னாட்டுச் சாம்பல்நிறக் காட்டுக்கோழியும் பின்னர் அதனோடு கலந்தமையை 2008-ஆம் ஆண்டு ஆராய்ச்சியொன்று காட்டிற்று. வீட்டுக்கோழிகள் பலவற்றின் தோலிலும் காலிலும் காணப்படும் மஞ்சள் நிறம் அக்கலப்பால் வந்ததே. மூவாயிரம் ஆண்டிற்கு மேலாக மனையிலே தங்கிய அப்பறவையை இன்று காட்டில் விடுத்தல் வீடளித்தலாகாது. கீரிக்கும் நரிக்கும் கொடுத்தலேயாம். தானே நம்மை நாடிவந்து, மீண்டு செல்லும் ஆற்றலையும் இழந்த உயிர் அடைக்கலப் பொருளாகும். அதனை வளர்த்தல் குற்றமன்று. வளர்க்குமாற்றிலேதான் அறமும் மறமும் உள.

அங்ஙனமாயின் வளர்த்தல் என்பது யாது? உயிர்களை உடையவன் இறைவன் ஒருவனே. ஒரு பசு மற்றொரு பசுவிற்கு உடைமையாதல் யாண்டும் இல்லை. ஆதலின் வளர்ப்பார் அப்பறவைக்கு உடையவர் ஆகார், காவலரே ஆவர். இறைவன் இயற்றும் காத்தற்றொழிலில் ஓர் அணுவளவு அவர் கையில் ஒப்புவிக்கப்பட்டுளது. இக்கருத்திற்கு நம் ஆசிரியர்கள் கோழியினின்றே ஓர் உவமை எடுத்தனர். ஆசிரியன் மாணாக்கனுக்குச் செய்யும் தீக்கைகளுள் பரிசம், நயனம், மானதம் என்பவற்றிற்கு முறையே பறவையும் மீனும் ஆமையும் உவமையாகக் கூறப்படும். பறவை தொட்டும், மீன் நோக்கியும், ஆமை நினைந்தும் தம் முட்டையைப் பொரிப்பிக்கும் என்பது அவ்வுவமையின் கருத்து. மீனும் ஆமையும் அவ்வாறு பொரிப்பதில்லை என இக்காலத்தார் கண்டுள்ளனர். கோழியோ நம் கண்முன்னரே அங்ஙனம் செய்கின்றது.

இருபத்தொருநாள் அது தன் வயிற்றின் வெம்மையை முட்டைக்கு ஊட்டுகின்றது. அலகால் அவற்றைப் புரட்டுகின்றது. நாளில் ஒருமுறை இறங்கி இரையும் நீரும் கொண்டு விரைந்து மீளுகின்றது. பொரிக்கும் நாள் அணுகியபொழுது ஓட்டினுள்ளிருந்தே குஞ்சு குரல் கொடுக்கும். தாயும் மெல்லென எதிர்குரல் கொடுக்கும். அடைத்த ஓடு உடையுமுன்னரே உள்ளிருக்கும் உயிர் தாயின் குரலைக் கேட்கின்றது. மலவோட்டினுள் அடைபட்டுக் கிடக்கும் உயிருக்கு ஆசிரியனருள் செய்வதும் இதுவே. அம்மையார் இல்லத்துக் கூடையருகே சிறிதுநேரம் இருந்தபொழுது, பன்முறை பாடஞ்சொல்லிய இவ்வுவமையின் பொருள் எமக்கு அன்றுதான் விளங்கிற்று.

இனிப் பெரும்பண்ணைகளின் நிலையை நோக்குவாம். காட்டுக்கோழி ஓராண்டில் இடுவது பத்துப் பதினைந்து முட்டைகளே. பண்ணைக்கென இனந்தெரிந்து பெருக்கிய கோழி முந்நூறு வரை இடுகின்றது. ஓட்டிற்குச் சுண்ணச்சத்தினை ஓயாது கொடுத்து அதன் எலும்பு மெலிகின்றது. அடையிருக்குங் கோழி முட்டையிடுதலை நிறுத்துமாதலின், அடையிருக்கும் இயல்பே இல்லாத இனமாக அதனைத் திருத்தியுள்ளனர். கூட்டில் வளர்க்கும் ஜப்பானியக் காடையும் அங்ஙனமே. அதன் முட்டையைப் பொறியிலோ நாட்டுக்கோழியின் கீழோ வைத்தே பொரிக்கவேண்டும். நம் ஆசிரியர்கள் அருளுக்கு உவமையாகக் கண்ட தாய்மையையே நாம் அப்பறவையிடத்திலிருந்து களைந்துவிட்டோம். கம்பிக்கூட்டிலே விரித்த தாளொன்றின் அளவினும் சுருங்கிய இடத்தில், சிறகு விரிக்கவும் மண்ணிற் புரளவும் இயலாது அது தன் வாழ்நாளைக் கழிக்கின்றது. ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய கூடுகளை 2012-ஆம் ஆண்டு முதல் விலக்கியது. நம் நாட்டுச் சட்ட ஆணையமும் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட தன் 269-ஆம் அறிக்கையில் கோழிகளை வைத்திருக்கும் முறை திருந்தவேண்டுமென எடுத்துரைத்தது.

மற்றொன்றும் உண்டு. 'சேவலோடு கூடாத கோழியின் முட்டையில் உயிரில்லை. ஆகலின் அதனை உண்டல் கொலையாகாது' என்று நம்மவருள்ளும் சிலர் கூறுகின்றனர். முட்டையில் உயிரில்லை என்பது மெய்யே. ஆயின் முட்டைக்கோழியின் இனத்திற் பிறக்கும் சேவற்குஞ்சு முட்டையும் இடாது, ஊனுக்கும் விரைந்து வளராது. அதனால் பொரிப்பகங்களிற் பிறந்த அன்றே சேவற்குஞ்சுகளைக் கொன்றுவிடுதல் உலகெங்கும் வழக்கமாயிற்று. ஜெர்மனி நாடு 2022-ஆம் ஆண்டு தொடக்கத்தில் இதனைச் சட்டத்தால் விலக்கியது. உயிரில்லாத முட்டையின் பின்னே உயிருள்ள குஞ்சொன்று மடிந்துகிடக்கின்றது. கலத்தில் இருப்பதை மட்டும் நோக்குவார்க்கு இது புலப்படாது. வந்த வழியை நோக்குவார்க்கே புலப்படும்.

இவ்வாறு வழியை நோக்கப் புகுந்தால் எவர் குற்றமற்றவர்? செய்தான், செய்வித்தான், உடன்பட்டான் என மூவரையும் வினை பற்றும் என்பது அறநூற்றுணிபு. ஊன் விற்பார் உளராதற்குக் கொள்வாரே காரணமாதலைத் திருவள்ளுவர் புலான்மறுத்தலில் உணர்த்தினார். அக்கருத்தை நீட்டி நோக்கின், தீவனம் விற்பாரும் அச்சங்கிலியில் ஒரு கண்ணியே ஆவர். எட்டுப் பெட்டையை வைத்து மகளைப் படிப்பிக்கும் தாய் அச்சங்கிலியின் கடைசியில் நிற்கின்றார். மூன்று ஏக்கர் சோளத்தை வாரத்திற்கு விட்டு, நிழலிலமர்ந்து ஏடு பார்க்கும் யாம் அதன் தொடக்கத்தில் நிற்கின்றேம். அவர் தம் கோழியின் முகத்தைக் காண்கின்றார். யாம் காணாமையினாலேயே எம்மைத் தூயரென எண்ணியிருந்தேம். 'யான் சைவன், அவர் அல்லர்' என்னும் செருக்கு ஆணவத்தின் கூறேயன்றி அருளின் கூறன்று.

நம் பெரியபுராணமும் இச்செருக்கிற்கு இடங்கொடாது. நாகப்பட்டினத்து நுளைபாடியில் மீன்பிடித்து வாழ்ந்தவர் அதிபத்த நாயனார். வலையிற்பட்ட தலைமீனை நாடோறும் இறைவனுக்கென்று கடலில் விடுவதே அவர் தொண்டு. வறுமை மிக்கு ஒரு மீனே கிடைத்த நாட்களிலும் அதனையே விட்டார். விலைமதிப்பற்ற பொன்மீன் வந்தபொழுதும் விட்டார். இறைவன் அவரை, 'வலையைக் கைவிட்டு வருக' என்றிலன்; அவர் நின்ற நிலையிலேயே ஆட்கொண்டான். காளத்திவேடர் கண்ணப்பர் படைத்த ஊனையும் அவன் மறுத்திலன். இதனால் மீன்பிடித்தலும் வேட்டையும் அறமெனக் கொள்ளற்க. தொழிலைக்கொண்டு உயிரை அளத்தல் இறைவன் முறையன்று என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

சட்டத்தால் இதனைத் தீர்க்கலாமோ எனின், அதற்கும் நம் நாட்டில் ஒரு படிப்பினை உண்டு. கோயில்களில் ஆடு கோழி பலியிடுதலை விலக்கி 1950-ஆம் ஆண்டில் சட்டமொன்று செய்யப்பட்டது. நெடுங்காலம் ஏட்டளவில் இருந்த அதனை 2003-ஆம் ஆண்டில் அரசு கண்டிப்பாக நடைமுறைப்படுத்த முற்பட்டது. சிற்றூர் மக்களிடையே மனக்குறை மூண்டது. 2004-ஆம் ஆண்டில் அச்சட்டமே நீக்கப்பட்டது. பலியிடுதலை யாம் என்றும் உடன்பட்டிலேம். ஆயினும், ஏழை தன் குலதெய்வத்தின்முன் அறுக்கும் ஒரு சேவலைக் குற்றமாக்கி, கடையிலே நாடோறும் அறுபடுவனவற்றை வாளாவிடுதல் எந்நியாயம்? அருள் உள்ளத்தினின்று முளைப்பது. மேலிருந்து ஆணையாக இறக்கப்படுவதன்று. முருகன் கோயில்கள் சிலவற்றில் சேவலை அறுக்காது உயிரோடு விடும் நேர்ச்சை எவ்வாணையுமின்றியே நிலைபெற்றிருக்கின்றது.

இங்ஙனமெல்லாம் எண்ணியபின் அம்மையாருக்கு யாம் கூறிய விடை வருமாறு: "அம்மா, வளர்ப்பது பாவமன்று. நீங்கள் வளர்க்கும் முறையிற் பெரும்பகுதி புண்ணியமே. விற்பதிற் பாவம் இல்லையென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் அந்தப் பாவம் உங்களுடையது மட்டுமன்று, எனக்கும் பங்குண்டு." அவர், "பெட்டைக்குஞ்சை வளர்க்கிறவர்களுக்கே கொடுத்துவிடலாம், ஐயா. பாதி சேவலாகப் பொரிக்கிறதே, அதை என்ன செய்வது? ஒரு முற்றத்தில் இரண்டு சேவல் நிற்காது, குத்திக்கொண்டு சாகும்" என்றார். இதற்கு எம்மிடம் முழுவிடை இல்லை. பண்ணை முதல்நாளிற் செய்வதை முற்றம் ஆறுதிங்கள் கழித்துச் செய்கின்றது. ஆயினும் ஒன்று தெளிவாயிற்று. கொலை கத்தியில் தொடங்குவதன்று. காக்க இயலாத அளவிற்கு உயிர்களைப் பிறப்பிப்பதிலே தொடங்குகின்றது. அடைக்கு எத்தனை முட்டை வைக்கின்றோம் என்னும் எண்ணிக்கையிலேயே அறம் நின்று நம்மைப் பார்க்கின்றது.

ஆதலின், சரியை முதலாகப் படிப்படியே ஏற்றும் நம் நெறிக்கேற்ப, இதனையும் படிமுறையாகக் கொள்ளல் தகும். வளர்ப்பார், இரையும் நிழலும் மருந்தும் குறைவறக் கொடுத்தல் முதற்படி. கிளைத்தல், மண்ணிற் புரளுதல், அடையிருத்தல் முதலிய இயல்புகளை அழியாது காத்தல் இரண்டாம்படி. தம் காவலுக்கு அடங்கிய அளவே பெருக்குதல் மூன்றாம்படி. உழைத்து ஓய்ந்த உயிரை அதன் முடிவுவரை வைத்துக் காத்தல் நான்காம்படி. கொல்லுதற்குக் கொடாமை உச்சிப்படி. உண்பார், ஒருநாள் விடுத்து ஒருநாளாகவேனும் குறைத்துக்கொண்டு மேலேறுக. உண்ணாத நாமோ, நம் கலத்தை மட்டுமன்றி நம் வருவாயையும் ஆராய்க. கீழ்ப்படியில் நிற்பாரை இகழாது, அவர் ஏறுதற்கு வேண்டும் பொருளும் வழியும் துணையாகத் தருக. வேறு பிழைப்புக் காட்டாது 'விடுக' என்று மட்டும் கூறுதல் அருளுரையாகாது. யாம் முதல்நாள் மாலையிற் கூறியது அத்தகையதே.

விடைபெறும்பொழுது முருங்கையடியில் ஒரு முதுகோழி கிடப்பதனைக் கண்டேம். ஒருகண் மங்கி, இறகு உதிர்ந்து, பிற கோழிகளால் இரை பறிக்கப்பட்டு அது மெலிந்திருந்தது. அம்மையார் அதற்குத் தனியே ஒரு சிரட்டையில் நொய் வைத்தார். "இது முட்டையிடுகின்றதா?" என்றேம். "இரண்டு வருடமாயிற்று, ஐயா, நின்றுபோய்" என்றார். "பின் ஏன் விற்கவில்லை?" என்றேம். அவர் எம்மை வியப்போடு நோக்கி, "எத்தனை தடவை அடையிருந்து வளர்த்துக் கொடுத்தது! இதை விற்றுத் தின்றால் உடம்பில் ஒட்டுமா, ஐயா?" என்றார்.

யாம் கூறிய நான்காம்படியில் அவர் முன்னரே நின்றுகொண்டிருந்தார். அவரினும் கீழே நின்று அவருக்கு அறமுரைக்கச் சென்றது யாமே.

இவ்வாண்டு ஆடியில், உழுபவரோடு கலந்து, மூன்று ஏக்கரில் ஒன்றில் மட்டும் சோளத்தை நிறுத்தி வரகு விதைப்பித்தேம். வாரப்பங்கு குறையும், அவருக்கு நட்டமுறாதபடி அக்குறையை எம் பங்கிலே கழித்துக்கொள்ள இசைந்துள்ளேம். எஞ்சிய இரண்டு ஏக்கரும் இன்னும் சோளமே. ஆகலின் எம்மையும் முதற்படியில் நிற்பாருள் ஒருவராகவே அன்பர்கள் எண்ணுக.

எவ்வுயிரும் தன் உயிராகக் காக்கும் இறைவன் திருவருள், கோட்டையடியில் வாழும் அத்தாய்க்கும், அவர் மனையிலுள்ள சிற்றுயிர்கட்கும், நம்மனைவோர்க்கும் துணையாகுக.

சிவம்.